ஒரு வெள்ளியில் எத்தனை வெள்ளி?

சிங்கப்பூர்த் தமிழில் வெள்ளி என்ற சொல் மூன்று வேலை பார்க்கிறது. கிழமை, உலோகம், டாலர். தேக்கா சந்தையில் "கிலோ நாலு வெள்ளி" என்று காய்க்காரர் சொன்னால் யாரும் தட்டாரைத் தேடிப் போவதில்லை. ஆனால் டாலருக்கு அந்தப் பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. இங்கே ஒரு டாலர் என்பது ஒரு காலத்தில் கையில் கனக்கும் வெள்ளிக் காசுதான்.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஒரு டாலர் நாணயம் 1903ல் பம்பாய் அக்கசாலையில் அடிக்கப்பட்டு வந்தது. எடை 26.95 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. பிறகு வெள்ளி விலை ஏறியது. 1906ல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிப்போட்டார்கள். காசை உருக்கினால் அதில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலை வந்ததும், 1907ல் 20.21 கிராமுக்கு இளைத்த காசு வந்தது. 1919ல் இன்னும் இளைத்து 16.85 கிராம், அதிலும் வெள்ளி பாதிதான். மூன்றிலும் எழுதியிருப்பது ஒரே 'ஒரு டாலர்'. உள்ளே இருக்கும் சுத்த வெள்ளியோ முறையே 24.3, 18.2, 8.4 கிராம்.

ஆக, ஒரு காசுக்கு மூன்று விலை. முகத்தில் எழுதியிருப்பது ஒன்று, உருக்கினால் தேறுவது ஒன்று, சேகரிப்பவர் ஆசைப்பட்டுக் கொடுப்பது ஒன்று. உலோகத்துக்குப் பணம் கொடுக்கிறோமா, நாணயத்துக்கா என்பதைக் கடைக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தங்க, வெள்ளி நாணயங்களில் கையைச் சுட்டுக்கொள்பவர்களில் பலர் சேகரிப்பு விலைக்கு வாங்கி உருக்கு விலைக்கு விற்றவர்கள்.

முதலில் உலோகத்துக்காக வாங்குவதைப் பார்ப்போம். சிங்கப்பூரில் இங்கே குறுக்கே நிற்பது ஜிஎஸ்டி. 2012 அக்டோபர் 1 முதல் முதலீட்டுத் தரமுள்ள தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்கு இந்த வரி கிடையாது. தங்கம் 99.5 விழுக்காடு, வெள்ளி 99.9 விழுக்காடு, பிளாட்டினம் 99 விழுக்காடு சுத்தம் இருக்க வேண்டும். நாணயமாக இருந்தால் அதன் பெயர் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் பட்டியலிலும் இருக்க வேண்டும். கனடாவின் மேப்பிள் லீஃப், ஆஸ்திரேலியாவின் கங்காரு, ஆஸ்திரியாவின் ஃபில்ஹார்மோனிக், அமெரிக்காவின் பஃபலோ, 2013க்குப் பிந்திய பிரிட்டானியா எல்லாம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்டும் அமெரிக்கத் தங்க ஈகிளும் உலகப் புகழ் பெற்றவைதான், ஆனால் 22 காரட், அதாவது 91.6 விழுக்காடுதான். ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த கடையில் அவற்றை வாங்கினால் 9 விழுக்காடு வரி தலையில் விழும். அதே அமெரிக்க ஈகிளின் வெள்ளி நாணயம் 99.9 என்பதால் தப்பிவிடுகிறது.

பிரிட்டானியாவில் ஆண்டு பார்ப்பதற்கும் காரணம் இதுவே. 2012 வரை தங்கம் 22 காரட், வெள்ளி 95.8 விழுக்காடு. 2013லிருந்துதான் ஆயிரத்துக்கு 999.9, 999 ஆனது. படம் ஒன்றுபோல இருக்கும், வரி வேறு.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் பவுன் கணக்கில் வளர்ந்தவர்கள். பவுன், சவரன் என்ற இரண்டு சொல்லுமே பிரிட்டிஷ் சாவரின் காசிலிருந்து வந்தவை. அதன் எடை 7.988 கிராம், 22 காரட், சுத்தத் தங்கம் 7.32 கிராம். அதை முழுமையாக்கித்தான் 8 கிராம் ஒரு பவுன் ஆனது. அட்சய திருதியைக்கு சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் ஒரு பவுன் 916 (22 காரட்) காசு வாங்கினால் மனசுக்கு நிறைவுதான். கணக்குப் போட்டால் நிறையாது.

போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காகத் தங்கத்தின் சந்தை விலை ஓர் அவுன்ஸ் 5,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இங்கே அவுன்ஸ் என்பது ட்ராய் அவுன்ஸ், 31.1035 கிராம். சமையலறைத் தராசின் 28.35 கிராம் அவுன்ஸ் அல்ல. கிராம் சுமார் 160.75 வெள்ளி ஆகிறது. எட்டு கிராம் 916 காசில் தங்கம் 7.33 கிராம், மதிப்பு சுமார் 1,180. செய்கூலி 40 வெள்ளி, எல்லாம் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு வரி. கையைவிட்டுப் போவது 1,330. அடுத்த நாளே விற்கப் போனால் பழைய தங்கம் என்று ஐந்து விழுக்காடு கழிப்பார்கள், கிடைப்பது 1,121. போட்ட பணம் திரும்பவே தங்கம் 19 விழுக்காடு ஏற வேண்டும்.

அதே நாளில் ஓர் அவுன்ஸ் மேப்பிள் லீஃப். சந்தை விலைக்கு மேல் 4 விழுக்காடு பிரீமியம், ஆக 5,200. திரும்ப விற்கும்போது சந்தை விலையில் ஒரு விழுக்காடு கழித்து 4,950. தங்கம் 5 விழுக்காடு ஏறினால் கணக்கு நேராகிவிடும். இந்த விழுக்காடுகள் கடைக்குக் கடை, நாளுக்கு நாள் மாறும், ஆனால் இடைவெளியின் அளவு பெரிதாக மாறாது. கழுத்தில் போட வாங்கினால் நகை வாங்குங்கள். பெட்டியில் வைக்க வாங்கினால் நகைக்கடைக் காசு எனக்கு உடன்பாடில்லை.

சின்னக் காசாகச் சேர்க்கலாமே என்பார்கள். பத்தில் ஒரு அவுன்ஸ் காசுக்கும் அச்சு, கூலி, பெட்டி, பரிசோதனை எல்லாம் முழு அவுன்ஸுக்கு ஆகும் அதே வேலை. அதனால் பிரீமியம் 10 முதல் 15 விழுக்காடு வரை போகும். அவசரத்துக்குக் கொஞ்சமாக விற்கலாம் என்ற வசதிக்குக் கொடுக்கும் விலை அது. இரண்டு மூன்று சின்னக் காசு போதும், மீதியை ஓர் அவுன்ஸிலேயே வைத்துக்கொள்வது நல்லது. சீனப் பாண்டா வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016லிருந்து அது அவுன்ஸ் கணக்கை விட்டு 30 கிராமுக்கு மாறிவிட்டது. விலையைப் பக்கத்தில் இருக்கும் மேப்பிளோடு அப்படியே ஒப்பிட்டால் 1.1 கிராம் தங்கம் கணக்கில் காணாமல் போகும்.

வெள்ளி உலோகத்தின் சங்கதி வேறு. ஒரு காசின் விலை குறைவு, அதை அடிக்கும் செலவோ கிட்டத்தட்ட தங்கக் காசுக்கு ஆவதுதான். அதனால் பிரீமியம் சாதாரணமாகவே 15, 20 விழுக்காடு. சந்தையில் அவுன்ஸ் 60 வெள்ளி என்றால் காசு 72. விற்கும்போது 60தான் என்றால், வெள்ளி 20 விழுக்காடு ஏறும்வரை நீங்கள் நஷ்டத்தில் இருக்கிறீர்கள். இதற்கு மேல் அது ஆடும் ஆட்டம். ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு எத்தனை அவுன்ஸ் வெள்ளி என்ற விகிதம் 2011 ஏப்ரலில் 32 அளவுக்கு இறங்கியது, 2020 மார்ச்சில் 120ஐத் தாண்டியது.

இடமும் ஒரு பிரச்சினை. மேப்பிள் வெள்ளி 25 காசு ஒரு டியூப், 20 டியூப் ஒரு பெட்டி. ஐந்நூறு அவுன்ஸ், காசு மட்டும் பதினைந்தரை கிலோ. வீவக அடுக்குமாடி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இரண்டு பெட்டி வைத்துப் பாருங்கள், பலகை சொல்லும் பதிலை.

எங்கே வாங்குவது? ராஃபிள்ஸ் பிளேஸில் யூஓபி வங்கியில் தங்கக் கட்டியும் காசும் கிடைக்கும். தங்கம், வெள்ளிக்கென்றே இருக்கும் வணிகர்கள் பலர் உண்டு. 2019ல் வந்த சட்டப்படி விலையுயர்ந்த உலோகம் விற்பவர்கள் சட்ட அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரை அமைச்சின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். ரொக்கமாக 20,000 வெள்ளிக்கு மேல் கொடுத்தால் அடையாள விவரம் வாங்கி, அதைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்புவது கடைக்காரரின் கடமை. இரண்டு மூன்று பில்லாகப் பிரித்துக் கேட்கக் கூடாது, கேட்டாலே சந்தேகம் வரும். வங்கி வழியாகக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் ஒரு பதிவு இருக்கும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், ஆனால் அதற்கு இரண்டு பதில் வாங்க வேண்டும்: "இந்தக் காசை இப்போது என்ன விலைக்கு விற்கிறீர்கள், இதே காசை நான் கொண்டுவந்தால் இப்போது என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" இரண்டையும் ஒரே நிமிடத்தில் கேளுங்கள், விலை நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது பதிலைச் சொல்லத் தயங்கும் கடையில் முதல் பதிலுக்கு மதிப்பில்லை. பில்லில் நாணயத்தின் பெயர், ஆண்டு, எடை, சுத்தம், எண்ணிக்கை எல்லாம் எழுதி வாங்குங்கள். 'தங்கக் காசு 1' என்று மட்டும் எழுதிய பில் நாளைக்கு எதற்கும் உதவாது.

கரோசெல் போன்ற இணையச் சந்தைகளில் தனியாளிடம் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை, 22 காரட் காசுகூடச் சல்லிசாக வரும். போலியும் அதே வழியில்தான் வரும். வீட்டில் சோதிக்கத் தேவையானது மூன்று: 0.01 கிராம் காட்டும் தராசு, கூடவே அதைச் சரிபார்க்க ஓர் எடைக்கல், நீளம் அளக்கும் வெர்னியர் காலிப்பர்.

முதலில் எடை. மேப்பிள் தங்கம் 31.10 கிராம், க்ரூகர்ராண்ட் 33.93, சாவரின் 7.99. க்ரூகர்ராண்ட் கூட இருப்பதற்குக் காரணம் அதில் கலந்த செம்பு, தங்கம் அதே ஓர் அவுன்ஸ்தான். அடுத்து விட்டம். மேப்பிள் 30 மில்லிமீட்டர், ஃபில்ஹார்மோனிக் 37. எடை சரியாக இருந்து காசு தடிமனாக இருந்தால் உள்ளே வேறு உலோகம்.

அதைவிட நல்ல சோதனை தண்ணீர். தராசில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் சுருக்குப் போட்டுத் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. காசில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. சுத்தத் தங்கம் 19.3, 22 காரட் 17.5ஐ ஒட்டி, சுத்த வெள்ளி 10.5. ஓர் அவுன்ஸ் மேப்பிள் தங்கத்துக்குத் தராசு 1.61 காட்ட வேண்டும், வெள்ளிக்கு 2.96 அல்லது 2.97. வெள்ளி முலாம் பூசிய செம்பென்றால் 3.4ஐத் தாண்டும், அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். சாவரின் மாதிரி சின்னக் காசுக்கு 0.45தான் வரும். தராசு 0.01 தவறினாலே விடை இரண்டு விழுக்காடு பிசகும், அதனால் ஐந்தாறு தரம் செய்து சராசரி பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு அகப்படாத ஒன்று டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25, தங்கத்துக்குப் பக்கத்து வீடு. எக்ஸ்ரே கருவியும் மேல்தோலைத்தான் பார்க்கிறது, தடித்த முலாமின் அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மின்கடத்துத் திறனை அளக்கும் கருவி கண்டுபிடித்துவிடும். நல்ல வணிகர்களிடம் அது இருக்கிறது. தனியாளிடம் வாங்கும்போது சந்திப்பை அப்படி ஒரு கடையிலேயே வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. வெள்ளிக்குக் காந்தமும் உதவும். காசைச் சாய்த்து வைத்து அதன்மேல் சின்ன நியோடைமியம் காந்தத்தை விட்டால், ஒட்டாமல், தயங்கித் தயங்கி வழுக்கி இறங்க வேண்டும். ஒட்டினால் இரும்பு. சரசரவென்று விழுந்தால் அதுவும் வெள்ளி இல்லை. செம்பிலும் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

புதிய நாணயங்களில் அக்கசாலையே பூட்டுப் போட்டு அனுப்புகிறது. மேப்பிளில் பெரிய இலைக்குக் கீழே ஒரு குட்டி இலை பொறித்திருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அதற்குள் ஆண்டின் கடைசி இரண்டு எண் தெரியும். 2021க்குப் பிந்திய பிரிட்டானியாவைச் சாய்த்தால் சூலம் பூட்டாக மாறும்.

இனி இன்னொரு கட்சி, நாணயத்துக்காகவே வாங்குபவர்கள். இங்கே உலோகக் கணக்கை மறந்துவிடுங்கள். 1903 டாலரும் 1919 டாலரும் எந்த விலைக்குப் போகும் என்பதை ஆண்டு, அக்கசாலைக் குறி, தேய்மானம், மேற்பரப்பு ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தரம் சொல்லும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 1 முதல் 70 வரை எண் கொடுத்து, காசைப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. இன்று கூட்டையே போலியாகச் செய்கிறார்கள். கூட்டின் மேல் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தில் இருக்கும் கீறலும் கறையும் கையில் இருக்கும் காசிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

போலிகள் அதிகம் வருவது பிரிட்டிஷ் வர்த்தக டாலரில். கையில் சூலமும் கேடயமும் பிடித்து பிரிட்டானியா நிற்கும் பெரிய காசு, 1895 முதல் 1935 வரை அடித்தது, 26.95 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. போலி பெரும்பாலும் எடையிலேயே மாட்டிக்கொள்ளும். எடை சரியாக இருந்தால் சூலத்தின் நடுமுனையில் 'பி' என்ற பம்பாய்க் குறியை லென்ஸில் பாருங்கள். வார்ப்பில் எடுத்த போலியில் எழுத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை: திருநீறு. குத்துவிளக்கையும் பன்னீர்ச் செம்பையும் திருநீறு தொட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் கை, தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய டாலரையும் சும்மா விடாது. திருநீறு மென்மையான தூளாகத் தெரிந்தாலும் வெள்ளியின் மேல் அது உப்புத்தாள்தான். தேய்த்த காசை விளக்குக்குக் கீழே சுழற்றினால் மயிரிழைக் கோடுகள் ஒரே திசையில் ஓடும், அச்சிலிருந்து வந்த இயல்பான ஒளி சுழலாது. தரம் சொல்பவர்கள் எண் கொடுக்காமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். கறுத்த காசை விலை கொடுத்து வாங்க ஆள் உண்டு. தேய்த்த காசுக்கு உருக்கு விலைக்கு மேல் கேட்பது கஷ்டம். பற்பசை, புளி, எலுமிச்சை, சோடா மாவும் அலுமினியத்தாளும் எல்லாம் அதே கதிதான்.

சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் இன்னொரு எதிரி. வெள்ளி கறுப்பது கந்தகத்தால், ஈரம் அதை விரைவுபடுத்தும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. காசு டியூப்பை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். சாமி அறையில் சாம்பிராணிப் புகைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மெதுமெதுவென்று வளையும் பிவிசி உறையை உடனே தூக்கிப் போடுங்கள். நம் வெக்கையில் அது சிதைந்து காசின்மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலம் விடும். பட்டுவிட்டால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். காசின் அளவுக்குப் பொருந்தும் கெட்டி கேப்சூல், அதை வைக்க மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம். கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

புத்தம்புது வெள்ளிக் காசில் வெள்ளை வெள்ளையாகப் பால் தெளித்த மாதிரிப் புள்ளி வந்தால் பதற வேண்டாம். அது அக்கசாலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது, போகாது. 2018 முதல் மேப்பிளில் அதைத் தடுக்க ஒரு மேற்பூச்சு முறை கொண்டுவந்தார்கள். உலோக விலைக்கு விற்கும் காசில் இந்தப் புள்ளியால் பெரிய நஷ்டம் இல்லை. சேகரிப்புக் காசில் நஷ்டம் உண்டு.

விற்கும்போது முதலில் வாங்கிய மாதிரிக் கடைக்கே போங்கள். அடகுக் கடையும் நகைக்கடையும் எடுத்துக்கொள்ளும், ஆனால் அவர்களுக்கு அது நாணயமில்லை, தங்கம். கேப்சூலைத் திறந்து உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் காசின் ஓரம் தேய்ந்துவிடும், பிறகு அதை வேறு கடையில் நாணயமாக விற்க முடியாது. விலை ஒத்துவரும்வரை உரைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணமுடைக்காக என்றால் விற்காமல் அடகு வைப்பதும் ஒரு வழி. சட்டப்படி வட்டி மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, மீட்க ஆறு மாத அவகாசம் உண்டு. விற்றதில் வந்த லாபத்துக்குச் சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் அது வருமானம், அதற்கு வரி உண்டு.

ஊருக்கு எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு: இந்திய விமான நிலையத்தில் தீர்வை இல்லாமல் விடும் அளவு நகைக்கு மட்டும்தான், அதுவும் ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு. காசு நகையில் சேராது, ஒற்றைக் காசாக இருந்தாலும் சேராது. தீர்வை கட்டுபவர்களுக்கான சிவப்பு வழியில் போய், பில்லைக் காட்டி, தீர்வை கட்டிவிட்டு எடுத்துப் போங்கள்.